பிக்கிள்கள் எல்லாரும் வரவும்

லூன்கானில் பெற்றோர் வைத்த பேருக்கு மதிப்பில்லை. டுலூத் ஏரிக்கரை அரங்கில் மே மாதம் மூன்றாவது வெள்ளிக்கிழமை தொடங்கி ஞாயிறு வரை ஜப்பானிய அனிமே ரசிகர்கள் வேஷம் போட்டுக்கொண்டு கூடும் இந்த விழாவில், கழுத்தில் தொங்கும் பேட்ஜில் என்ன அச்சாகியிருக்கிறதோ அதுதான் பேர். ஊரில் பெரிய வங்கி மேலாளராக இருப்பவர் இங்கே 'ராத்திரிப் பூனை'. பல் டாக்டர் ஒருவர் பல வருஷமாக 'மூன்றாம் முட்டைக்கோஸ்'. முதல் இரண்டு முட்டைக்கோஸ் யார் என்று அவரையே கேட்டாலும் தெரியாது.

வாண்டா நைகார்டின் பேட்ஜில் 'பிக்கிள்' என்று இருக்கும். ஏன் இப்படி ஊறுகாய் பேர் என்று கேட்டவர்களுக்கு ஆளுக்கொரு கதை சொல்லியிருக்கிறாள். உண்மை ரொம்பச் சப்பையானது. முதல் வருஷம் பதிவுப் படிவத்தை நிரப்பும்போது அவள் கையில் பாதி தின்ற சாண்ட்விச் இருந்தது, அதிலிருந்து ஒரு துண்டு வெள்ளரிக்காய் ஊறுகாய் படிவத்தின் மேல் விழுந்தது. அவ்வளவுதான்.

அவளுக்கு ஐம்பத்துநாலு வயது. க்ளோக்கே ஊரில் பள்ளிக்கூட பஸ் ஓட்டுகிறாள், இருபத்திரண்டு வருஷமாக. கணவன் கர்ட் படகையும் நாயையும் எடுத்துக்கொண்டு அரிசோனாவுக்குப் போய் ரொம்ப நாளாகிவிட்டது. நாய்க்காக மட்டும் அவள் வருத்தப்பட்டாள். பஸ்ஸில் நாற்பத்தெட்டுப் பிள்ளைகள் "மிஸஸ் நைகார்ட், மிஸஸ் நைகார்ட்" என்று கத்திக்கொண்டே வருவார்கள், அந்தப் பேரைக் கேட்டாலே அவளுக்குக் காது வலிக்கும். சாயந்திரம் பஸ்ஸை நிறுத்தியதும் கடைசி சீட் வரை நடந்து போய், ஒவ்வொரு சீட்டுக்கு அடியிலும் குனிந்து, தூங்கிப்போன பிள்ளை யாரையாவது விட்டுவிட்டோமா என்று பார்ப்பாள். சட்டம் அப்படி. சட்டம் இல்லாவிட்டாலும் அவள் பார்ப்பாள். இருபத்திரண்டு வருஷத்தில் ஒரு பிள்ளையைக்கூட அவள் பஸ்ஸில் மறந்து பூட்டியதில்லை. இந்த ஒரு விஷயத்தில் அவளுக்குக் கொஞ்சம் தலைக்கனமும் உண்டு.

பேட்ஜில் 'சார்ஜென்ட் சூப்' என்று பேர் போட்டிருந்தவரை அவள் முதன்முதலில் பார்த்தது வரிசையில். லூன்கானுக்குப் போகிறவர்கள் பார்க்கிற முதல் நிகழ்ச்சியே வரிசைதான், பாதிப் பேருக்கு அதுவே கடைசி நிகழ்ச்சியாகவும் ஆகிவிடும். பேட்ஜ் வாங்க வரிசை, லிஃப்டுக்கு வரிசை, வெந்நீர் ஊற்றினால் தயாராகும் நூடுல்ஸுக்கு வரிசை. அந்த வருஷம் கம்ப்யூட்டர் படுத்துவிட்டதில் வரிசை அரங்கைச் சுற்றிக்கொண்டு ஏரிக்கரை வரை போய்விட்டது. மே மாதம் என்று பேர்தானே தவிர, ஏரியிலிருந்து வீசிய காற்று எலும்பைத் துளைத்தது. வாண்டாவுக்கு முன்னால் நின்ற உயரமான மனிதர் சமையல்காரர் தொப்பி வைத்திருந்தார், வலது தோளில் துணி ஆக்டோபஸ் ஒன்றைத் தைத்திருந்தார். வாண்டா பார்த்ததுமே அடையாளம் கண்டுகொண்டாள். இழுவைப் படகுக்காரர்கள் கடல் பூதங்களோடு சண்டை போடும் பழைய அனிமே தொடர் ஒன்று. அதை நினைவில் வைத்திருப்பவர்கள் உலகத்திலேயே ஆறு பேர் இருந்தால் அதிகம். அந்தத் தொடரின் சமையல்காரர் வேஷம் அவருடையது. அவளோ அதே படகின் எஞ்சின் மெக்கானிக் வேஷத்தில் நின்றுகொண்டிருந்தாள், ஸ்பாஞ்சில் செய்து வெள்ளிப் பெயிண்ட் அடித்த மூன்றடி ஸ்பேனரோடு.

அவள் வணக்கம் சொல்லவில்லை. "ஆக்டோபஸ் இடது தோள்ல இல்ல இருக்கணும்?" என்றாள்.

அவர் திரும்பி, மேலும் கீழும் பார்த்துவிட்டு, பிளாஸ்கைத் திறந்து மூடியில் சூப் ஊற்றி நீட்டினார். காட்டரிசி போட்ட கோழி சூப். ஏரியில் இரும்புத்தாது ஏற்றிப் போகும் கப்பல்களில் முப்பத்தோரு வருஷம் சமையல்காரராக இருந்தவர் என்பது பிறகு தெரிந்தது. பேட்ஜ் கைக்கு வர மூன்று மணி நேரம் ஆயிற்று. இருவருக்கும் அது போதவில்லை.

பதினைந்து வருஷம் இப்படியே ஓடியது. வெள்ளிக்கிழமை காலை எட்டு மணிக்கு வரிசையில் சந்திப்பார்கள், ஞாயிறு மாலை நாலு மணிக்கு வாசலில் பிரிவார்கள். நடுவில் கடிதம் இல்லை, போன் இல்லை. அவர் பாலத்துக்கு அந்தப் பக்கம், சுப்பீரியர் ஊரில் எங்கேயோ இருக்கிறார் என்பது அவளுக்குத் தெரியும். எந்தத் தெரு என்று தெரியாது. அவர் மனைவி இறந்துபோனாள் என்பது தெரியும், அவள் பேர் தெரியாது. அவருக்குப் பிடித்த எபிசோடு, பிடிக்காத வில்லன், முழங்கால் எந்த வானிலைக்கு வலிக்கும் என்பதெல்லாம் மனப்பாடம். அவருடைய பேர் மட்டும் தெரியாது. கேட்பது அங்கே வழக்கமில்லை.

ஆனால் சார்ஜென்ட் ஒருமுறை கேட்டார். போன வருஷம் ஞாயிற்றுக்கிழமை, கடைகளைக் கட்டிக்கொண்டிருந்த நேரம். லூன்கான் பேட்ஜின் பின்பக்கம் விழாவின் போன் நம்பர் இருக்கும், அதற்குக் கீழே 'அவசரத்துக்குத் தொடர்பு' என்று ஒரு கோடு போட்டிருக்கும். யாரும் அதை நிரப்புவதில்லை. சார்ஜென்ட் பேனாவை எடுத்துவைத்துக்கொண்டு, பட்டும் படாமலும் சொன்னார்.

"அடுத்த மாசம் நெஞ்சுல சின்னதா ஏதோ பண்ணணுங்கறாங்க. இதுல யார் பேரையாவது எழுதி வைக்கணும். உன் பேரும் நம்பரும் சொல்லேன்."

வாண்டாவுக்குப் பகீரென்றது. இந்த மனிதருக்கு எழுதி வைக்க வேறு ஆளே இல்லையா என்று ஒரு பக்கம் தோன்றியது. பேரைச் சொல்லிவிட்டால் இந்த மூன்று நாளுக்குள்ளும் மிஸஸ் நைகார்ட் ஏறி உட்கார்ந்துவிடுவாள் என்று இன்னொரு பக்கம் தோன்றியது. பயந்தால் கிண்டல் பண்ணுவது அவள் சுபாவம்.

"இங்க பேர் கேக்குறது கெட்ட பழக்கம் சார்ஜென்ட். பிக்கிள்னே எழுதிக்கோங்க."

அவர் சிரித்தார். 'பிக்கிள்' என்று எழுதினார். நம்பருக்கான இடம் காலியாகவே இருந்தது. பேட்ஜைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு, ஆக்டோபஸின் ஒரு காலைத் தூக்கி அவளுக்கு டாட்டா காட்டிவிட்டுப் போனார். வீட்டுக்கு வண்டி ஓட்டும்போதே வாண்டாவுக்கு உறுத்த ஆரம்பித்துவிட்டது. ஒரு பேரும் பத்து எண்ணும், அவ்வளவுதானே கேட்டார் மனிதர், கொடுத்தால் என்ன குறைந்துவிடும் என்று ஒரு வருஷம் முழுக்கத் தன்னைத்தானே திட்டிக்கொண்டாள்.

குளிர்காலத்தில் அவள் செய்த காரியம் ஒன்றை அவளுடைய அக்காவிடம்கூடச் சொல்லவில்லை. சுப்பீரியர் ஊர்ப் பத்திரிகையின் மரண அறிவிப்புகளை வாரா வாரம் படித்தாள். பேர் தெரியாததால் படத்தைப் பார்ப்பாள். இந்த ஊர்க்காரர்கள் இறந்தவருக்கு இருபது வயது படத்தைப் போட்டுத் தொலைப்பார்கள், இல்லாவிட்டால் மீன் பிடித்த படத்தைப் போடுவார்கள், அதில் மீன் தெரியும், முகம் தெரியாது. 'ஓய்வுபெற்ற கப்பல் சமையல்காரர்' என்று இரண்டு முறை வந்தது. இரண்டு முறையும் படம் மங்கல்.

அதனால்தான் இந்த வருஷம் வெள்ளிக்கிழமை அவள் ஏழு மணிக்கே வரிசைக்கு வந்துவிட்டாள். கையில் பிளாஸ்க்; இந்த முறை சூப் அவள் செய்தது. எட்டு மணி ஆயிற்று, ஒன்பது ஆயிற்று. சமையல்காரர் தொப்பிகள் மூன்று வந்தன, மூன்றும் வேறு ஏதோ தொடர்களின் தொப்பிகள். பின்னால் நின்றவர்களிடம் இடம் பிடித்து வைக்கச் சொல்லிவிட்டு, வரிசையின் தலையிலிருந்து வால் வரை நடந்து, பஸ்ஸில் பார்ப்பதுபோல ஒவ்வொருவராகப் பார்த்தாள். பத்தே முக்காலுக்குத் தன் பேட்ஜை வாங்கிய பிறகும் வாசல் பக்கத்திலேயே நின்றாள். சூப் ஆறிப்போயிற்று.

பதிவு மேஜையில் 'அந்துப்பூச்சி' என்ற பேட்ஜோடு ஒரு பெண் உட்கார்ந்திருந்தாள், தலையில் இரண்டு கொம்பு. வாண்டா அவளிடம் விஷயத்தைச் சொன்னாள். சார்ஜென்ட் சூப் என்பவர் இந்த வருஷம் பதிவு செய்திருக்கிறாரா, அவருடைய நிஜப் பேர் என்ன?

"பேட்ஜ் பேரை மட்டும் பாத்துச் சொல்றேன்," என்று அந்துப்பூச்சி கம்ப்யூட்டரைத் தட்டினாள். "இந்த வருஷம் அப்படி யாரும் இல்லியே."

"போன வருஷம் இருந்தாரும்மா. அந்தப் பேரைப் பாரு. நிஜப் பேரு."

"அது நான் சொல்லக் கூடாது. யாருக்கும் சொல்ல மாட்டோம். உங்க பேரை ஒருத்தர் கேட்டாலும் சொல்ல மாட்டோம்."

"அவர் கேட்டா சொல்லு. நான் சொல்றேன் இல்ல, சொல்லு."

அந்தப் பெண்ணுக்கு உண்மையிலேயே சங்கடமாக இருந்தது, கொம்புகள்கூடச் சரிந்துவிட்டன. ஆனாலும் அவள் சொல்லவில்லை. சொல்லாததும் சரிதான் என்று வாண்டாவுக்குத் தெரியும். விழா தொடங்கிய காலத்தில் இப்படிப் பேர் வாங்கிக்கொண்டு போய் ஒரு பெண்ணின் வீட்டு வாசலில் போய் நின்றவன் கதை எல்லாருக்கும் தெரிந்தது. சரியான விதியின் மேல் கோபப்படவும் முடியாமல் வாண்டா அங்கிருந்து நகர்ந்தாள்.

சனிக்கிழமை லூன்கான் தன் முழு அழகில் இருந்தது. அந்த அழகெல்லாம் அவளை எரிச்சல்படுத்தியது. ஆயுதச் சோதனை மேஜையில் அவளுடைய ஸ்பாஞ்ச் ஸ்பேனரை ஒரு பையன் வளைத்துப் பார்த்து, தட்டிப் பார்த்து, முகர்ந்தும் பார்த்துவிட்டு, யாரையும் அடிக்க மாட்டேன் என்று உறுதிமொழி வாங்கிக்கொண்டு ஆரஞ்சு நாடா கட்டினான். படிக்கட்டில் எட்டடி இறக்கை கட்டிய ஒருத்தி திரும்ப, வாண்டாவின் கண்ணாடி பறந்தது. அவள் ஆசைப்பட்டு வந்திருந்த பழைய தொடர்கள் பற்றிய பேச்சு, பேசுகிறவர் விமானத்தைத் தவறவிட்டதால் ரத்து. வேஷத்துக்குப் போட்ட நீல விக் வேறு அரித்தது.

நல்லதும் நடந்தது. பதினாறு வயதுப் பெண் ஒருத்தி ஓடி வந்து, இந்த மெக்கானிக்கைத் தெரியும், தன் அப்பா பழைய டேப்பில் காட்டியிருக்கிறார் என்று சொல்லி, ஒரு படம் எடுத்துக்கொண்டாள். வேறொரு வருஷமாக இருந்திருந்தால் வாண்டா அன்று முழுக்கத் தரையில் கால் பாவாமல் நடந்திருப்பாள். இப்போது முதலில் தோன்றியது, இதைச் சார்ஜென்டிடம் சொல்ல வேண்டும் என்பதுதான். ஏழாவது ஆள் கிடைத்துவிட்டாள், சார்ஜென்ட். சொல்ல ஆள் இல்லை. அந்த இடத்திலேயே அவளுக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது, விக்கைச் சரி செய்கிற சாக்கில் சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

பன்னிரண்டரைக்கு ஒலிபெருக்கி கரகரத்தது.

"பிக்கிள் என்று பேட்ஜில் பேர் உள்ளவர்கள் எல்லாரும் தகவல் மேஜைக்கு வரவும். மறுபடி சொல்கிறோம். பிக்கிள்கள் எல்லாரும் வரவும்."

அரங்கம் முழுக்கச் சிரித்தது. வாண்டா சிரிக்கவில்லை. பிக்கிளைத் தேடுவதற்கு உலகத்தில் ஒரே ஒரு காரணம்தான் இருக்க முடியும். யாரோ ஒரு கோட்டுப் பையைத் துழாவியிருக்கிறார்கள். ஒரு பேட்ஜைத் திருப்பிப் பார்த்திருக்கிறார்கள்.

அவள் மேஜைக்குப் போகவில்லை. எதிர்ப்பக்கமாக நடந்து, படம் வரைகிறவர்கள் கடை போடும் வரிசையில் புகுந்து, யாரோ வரைந்த நரிகளைப் பார்த்துக்கொண்டு நின்றாள். போகாதவரை அவர் இருக்கிறார். போய்க் கேட்டுவிட்டால் இல்லாமல் போய்விடுவார். ஐந்து நிமிஷம் அந்த நரிகளைப் பார்த்தாள். பிறகு, கடைசி சீட் வரை போய்ப் பார்க்காமல் பஸ்ஸைப் பூட்டுகிறவளா நீ என்று அவளுக்கே அவள் மேல் வெறுப்பு வந்தது. ஸ்பேனரை அக்குளில் இடுக்கிக்கொண்டு தகவல் மேஜைக்கு நடந்தாள்.

அங்கே ஒரு வரிசை. பின்னே, லூன்கான் இல்லையா. அந்த வருஷம் பிக்கிள்கள் பதினோரு பேர் என்று பிறகு கணக்குத் தெரிந்தது. ஏழு பேர் வந்து நின்றார்கள். ஒருவர் நிஜமாகவே பச்சை வெள்ளரிக்காய் வேஷத்தில் வந்திருந்தார். இரட்டையர் இருவர் ஒரே பேரை வைத்திருந்தார்கள். பரிசு ஏதாவது விழுந்திருக்கும் என்று எல்லாருக்கும் நம்பிக்கை. எட்டாவதாக வாண்டா நின்றாள்.

மேஜைக்குப் பின்னால் மார்பு வரை தாடி வைத்த ஒரு பெரிய மனிதர், பேட்ஜில் 'பட்டாம்பூச்சி'. கையில் போன் ரிசீவர். ஒவ்வொரு பிக்கிளிடமும் அவர் ஒரே கேள்வியைக் கேட்டார். சார்ஜென்டோட ஆக்டோபஸ் எந்தத் தோளில் உட்காரும்? எந்த சார்ஜென்ட் என்றது வெள்ளரிக்காய். இரட்டையரில் ஒருத்தி இடது என்றாள், மற்றவள் வலது என்றாள். பட்டாம்பூச்சி எல்லாருக்கும் நன்றி சொல்லி அனுப்பிக்கொண்டே வந்தார். வாண்டாவின் முறை வந்தது.

"சார்ஜென்டோட ஆக்டோபஸ் எந்தத் தோள்ல உக்காரும்?"

"உக்கார வேண்டியது இடது தோள்," என்றாள் வாண்டா. ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை. "அவர் வெக்கிறது வலது. பதினஞ்சு வருஷமா சொல்றேன், காதுல வாங்குனாத்தானே? ஏழாவது எபிசோடுல தெளிவாத் தெரியும், எட்டுலயும் தெரியும்..."

பட்டாம்பூச்சி ரிசீவரை அவளிடம் நீட்டினார். சரியான பிக்கிள் பதில் சொல்ல மாட்டாள், சண்டைக்கு வருவாள் என்று அவருக்கு முன்பே சொல்லப்பட்டிருந்தது.

"எட்டுல தெரியாது," என்றது ரிசீவரில் ஒரு குரல். "எட்டுல அந்தப் பக்கம் இருட்டு."

வாண்டா ரிசீவரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். மேஜைக்குப் பக்கத்தில் தரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். போன வருஷத்திலிருந்து வயிற்றில் கிடந்த கல் ஒன்று அப்படியே இறங்கியது, அந்த இடத்தில் யாரோ பால் வார்த்தார்கள். இரண்டு கண்ணிலிருந்தும் தண்ணீர் கொட்டியது. வெட்கப்படவில்லை. பக்கத்தில் இறக்கைகளும் வால்களும் கடந்துபோயின, லூன்கானில் தரையில் உட்கார்ந்து அழுகிறவளை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை.

"செத்துட்டீங்கன்னு நெனச்சேன்," என்றாள்.

"நானும் கொஞ்ச நேரம் அப்படித்தான் நெனச்சேன்."

நெஞ்சு வைத்தியம் நல்லபடி முடிந்திருந்தது. அவரைக் கவிழ்த்தது ஏப்ரல் மாத ஐஸ். குப்பைத் தொட்டியைத் தெருவுக்குத் தள்ளிக்கொண்டு போனவர் வழுக்கி விழுந்து, இடுப்பும் வலது தோளும் போயிற்று. முக்கால் மணி நேரம் அப்படியே கிடந்தார். ஆம்புலன்ஸ்காரர்கள் கோட்டுப் பையில் பேட்ஜைக் கண்டுபிடித்து, யார் இந்த பிக்கிள், எங்கே இருக்கிறாள் என்று கேட்டிருக்கிறார்கள். மே மாதம் வரிசையில் நிற்பாள் என்று சொல்லியிருக்கிறார். தலையிலும் அடிபட்டிருக்கும் என்று எழுதிக்கொண்டார்களாம். இப்போது சுப்பீரியரில், நடக்கப் பழக்குகிற ஒரு மருத்துவ இல்லத்தில் இருக்கிறார். பேட்ஜின் பின்னால் இருந்த விழா நம்பருக்கு ஏப்ரலிலிருந்தே அடித்திருக்கிறார். அது வருஷத்தில் மூன்று நாள் மட்டும் எடுக்கப்படுகிற போன்.

"நேத்துக் காலையிலயே சொல்லி விட்டேனே. உன்கிட்ட வரலையா?"

வந்திருக்க வேண்டியதுதான். வெள்ளிக்கிழமை போனை எடுத்த வாலண்டியர், பின்னால் தாரை தப்பட்டை மாதிரி ஏதோ ஒத்திகை நடந்த சத்தத்தில், காதில் விழுந்ததைத் துண்டுச்சீட்டில் எழுதினான். 'சார்ஜ். சூப். பிக்கிள். அறை 14. அவசரம்.' அதைப் படித்தவர்கள், யாரோ சாப்பாடு கேட்டிருக்கிறார்கள் என்று நினைத்து, வாலண்டியர்களுக்குச் சமைக்கிற அடுப்படிக்கு அனுப்பினார்கள். அங்கே ஒரு கிண்ணம் சூப்பும் ஓரத்தில் இரண்டு துண்டு ஊறுகாயும் வைத்து, பதினாலாம் அறையைத் தேடி இரண்டு தடவை ஆள் போயிற்று. விழாவுக்கு வந்தவர்கள் தங்கும் ஓட்டலில் அறைகள் இருநூற்றொன்றிலிருந்துதான் தொடங்குகின்றன. இன்று காலை அடுப்படி அம்மாள், யார் இந்த அவசரக்காரர் என்று சண்டை போடத் தகவல் மேஜைக்கு வந்தாள். அதே நேரம் பார்த்து சார்ஜென்டும் மறுபடி போன் போட்டார். பட்டாம்பூச்சிக்கு விஷயம் விளங்கியது.

இதைக் கேட்டு வாண்டா அழுகையும் சிரிப்புமாக மூக்கைத் துடைத்துக்கொண்டாள்.

"தோள்ல கட்டுப் போட்டிருக்கு," என்றார் அவர். "ஆக்டோபஸ் இப்ப இடது பக்கம்தான். உனக்குத் திருப்தியா?"

"ரொம்ப. இத்தனை வருஷம் ஏன் மாத்தல?"

"கப்பல்ல முப்பத்தோரு வருஷம் அண்டா தூக்குன தோள் அந்த இடது தோள். எதை வச்சாலும் வலிக்கும். ஒரு பொம்பளைகிட்ட போய் அதைச் சொல்லிக்கிட்டு..." நிறுத்தினார். "போன வருஷம் ஒண்ணு கேட்டேன். கெட்ட பழக்கம்னு சொன்னே. திரும்பக் கேக்கட்டுமா?"

"வாண்டா," என்றாள், அவர் கேட்டு முடிப்பதற்குள். "வாண்டா நைகார்ட். பேனா இருக்கா? நம்பர் சொல்றேன், எழுதிக்கோங்க."

"மெதுவா. இடது கையால எழுதுறேன்." காகிதம் சரசரத்தது. "வாண்டாவா. பிக்கிளே தேவலாம்."

"உங்க பேரு?"

"ரெய்னோ கோஸ்கெலா."

அவள் பட்டாம்பூச்சியிடம் பேனா வாங்கி, தன் பேட்ஜைத் திருப்பி, அவசரக் கோட்டின் மேல் அந்தப் பேரைப் பெரிய எழுத்தில் எழுதினாள், நம்பரையும் எழுதினாள். எழுதியதை ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். மரண அறிவிப்பில் இந்தப் பேரைப் பார்த்திருந்தால் அவள் அடுத்த பேருக்குத் தாண்டிப் போயிருப்பாள் என்பது அப்போதுதான் உறைத்தது.

சாயந்திரம் மேடையில் வேஷப் போட்டி. வருஷம் முழுக்க அவள் காத்திருப்பது அதற்குத்தான். ஆனால் மணி இரண்டு ஆவதற்குள் அவள் அடுப்படிக்குப் போய், பிளாஸ்கில் சூப் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, காரை எடுத்துப் பாலத்தில் ஏறிவிட்டாள். அடுப்படி அம்மாள் ஊறுகாயையும் ஒரு பொட்டலத்தில் கட்டிக் கொடுத்தாள், அறை பதினாலு கடைசியில் கிடைத்துவிட்டதில் அவளுக்கும் நிம்மதி. விக்கைக் கழற்ற வாண்டாவுக்குத் தோன்றவில்லை. ஸ்பேனர் பக்கத்து சீட்டில் கிடந்தது. கீழே ஏரி பளபளத்தது, பாலத்தில் அவளை முந்திக்கொண்டு போன லாரிக்காரன் அவளுடைய நீலத் தலையைப் பார்த்து ஹாரன் அடித்தான். அவளும் திருப்பி அடித்தாள்.

இல்லத்தின் வரவேற்பில் கட்டம் போட்ட ஸ்வெட்டர் அணிந்த ஓர் அம்மாள் ஏதோ எழுதிக்கொண்டிருந்தாள். யாரைப் பார்க்க வேண்டும் என்று நிமிராமலே கேட்டாள். வழியெல்லாம் கோஸ்கெலா, கோஸ்கெலா என்று சொல்லிப் பழகிக்கொண்டு வந்திருந்தும், வாண்டாவின் வாயில் வந்தது அதுவல்ல.

"சார்ஜென்ட் சூப்."

"பதினாலு. நேரே போய் இடது பக்கம்," என்றாள் அந்த அம்மாள். பிறகு நிமிர்ந்து, விக்கையும் ஸ்பேனரையும் பார்த்தாள். "அப்ப நீங்கதான் பிக்கிளா? ஆறு வாரமா அந்தப் பேரைக் கேட்டு எங்களுக்குக் காது புளிச்சுப்போச்சு. ஆம்புலன்ஸ்காரங்க எங்ககிட்ட ஊறுகாய் பேரு எழுதின ஒரு பேட்ஜைக் குடுத்துட்டுப் போனாங்க. கையெழுத்துப் போட்டுட்டுப் போங்க."

பதிவேட்டைத் தள்ளினாள். பார்க்க வந்தவர் பேர் என்ற கட்டத்தில் 'வாண்டா நைகார்ட்' என்று அவள் எழுதினாள். நேரம் எழுதினாள். அடுத்த கட்டம் 'உறவு'. அதற்கு மேலிருந்த வரிகளில் மகன், மருமகள், பேத்தி, தேவாலயத்து நண்பர் என்று ஆளாளுக்கு எழுதியிருந்தார்கள். ஏப்ரலிலிருந்து பதினாலாம் அறைக்கு யார் வந்தார்கள் என்று பக்கங்களைத் திருப்பினாள். ஒருவரும் வரவில்லை.

திரும்பித் தன் வரிக்கு வந்து, அந்தக் கட்டத்தில் 'அவசரத்துக்குத் தொடர்பு' என்று எழுதிவிட்டு, பிளாஸ்கை எடுத்துக்கொண்டு இடது பக்கம் நடந்தாள்.